முதலிலிருந்து ஆரம்பிக்கிற அத்தான்

என் அக்காவின் கணவர் எதையும் சரிசெய்ய மாட்டார். முதலிலிருந்து ஆரம்பிப்பார். சட்டையில் ஒரு பொத்தான் ஓட்டை மாறிப் போயிருந்தால் நீங்களும் நானும் அந்த இடத்தில் மட்டும் கழற்றி மாட்டுவோம். அத்தான் சட்டையையே கழற்றி, ஒரு உதறு உதறி, மேல் பொத்தானிலிருந்து மறுபடி போடுவார். போகிற வழி தப்பிவிட்டால் யாரிடமும் கேட்க மாட்டார். வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டு வாசலுக்கே வந்து அங்கிருந்து புறப்படுவார். ஒரு கல்யாணத்துக்கு இப்படிப் புறப்பட்டுப் புறப்பட்டு, நாற்காலிகளை அடுக்கி வண்டியில் ஏற்றும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அன்றைக்கு அக்கா தலையில் வைத்திருந்த பூவை யாருமே பார்க்கவில்லை. இன்று வரைக்கும் அவளுக்கு அந்த வருத்தம் உண்டு.

இது பிறவிக் குணம் இல்லை, தொழில் கொடுத்தது. அவர் பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறவர். வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, வாடிக்கையாளர் கையில் கொண்டுவந்த துணித்துண்டின் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு சொட்டு கூடிவிட்டால் தீர்ந்தது. சரிக்கட்டப் போனால் இன்னும் மோசமாகும். டின்னை ஓரமாக வைத்துவிட்டு வேறு வெள்ளை டின்னைத் திறக்க வேண்டியதுதான். இந்த விஷயத்தில் அவரை மிஞ்ச அந்தத் தெருவில் ஆள் கிடையாது. ஓரமாக வைத்த டின்களை முதலாளி அவருக்கே கொடுத்துவிடுவார். அதனால் அவர்கள் வீட்டில் ஒவ்வொரு சுவரும் யாரோ வேண்டாம் என்ற நிறம். கூடத்துக்கு இருமல் மருந்து ரோஸ். படுக்கையறைக்கு ஆஸ்பத்திரிப் பச்சை. ஒரே ஒரு சுவர்தான் வெள்ளை, அதுவும் டின் தீர்ந்துபோனதால் மிஞ்சியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் எதைக் கழற்றி மாட்டினாலும் கடைசியில் ஏதாவது ஒன்று மிச்சம் வரும். கடிகாரத்தைக் கழற்றினால் ஒரு பல்சக்கரம், மிக்ஸியைக் கழற்றினால் இரண்டு வாஷர். "அது கம்பெனிக்காரன் எக்ஸ்ட்ராவா போடுறது" என்று சொல்லி, பழைய பிஸ்கட் டின் ஒன்றில் பத்திரமாகப் போட்டு வைப்பார். கடிகாரமும் மிக்ஸியும் அதற்குப் பிறகும் ஓடிக்கொண்டிருப்பதுதான் எங்கள் துரதிர்ஷ்டம். ஒரு தடவையாவது ஓடாமல் நின்றிருந்தால் அன்றே புத்தி வந்திருக்கும்.

இந்தக் குணம் குடும்பச் சண்டைக்குள்ளும் நுழைந்தது. சண்டை முற்றிவிட்டால் அத்தான் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய், கதவைச் சாத்தி, காலிங் பெல்லை அடிப்பார். அக்கா திறக்க வேண்டும். "வாங்க, யாரு வேணும்?" என்று கேட்க வேண்டும். அவர், "சும்மா இந்தப் பக்கம் வந்தேன், பார்த்துட்டுப் போலாம்னு" என்பார். அதோடு சரி. பெல்லுக்கு முன்னால் நடந்ததைப் பற்றி இரண்டு பேரும் பேசக் கூடாது. கல்யாணமான புதிதில் அக்கா என்னிடம் வந்து, "இவருக்கு ஏதாவது கோளாறாடா?" என்று அழுதாள். பிறகு பழகிவிட்டது. சில நாள் அவளே, "போயிட்டு வாங்க, பெல்லடிங்க" என்று அனுப்பிவைப்பாள்.

அக்கா இதற்கு நேர் எதிர். நூல்கண்டு சிக்கலானால் கத்தரிக்கோலைத் தொட மாட்டாள். மடியில் போட்டுக்கொண்டு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து பிரிப்பாள். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே ஒரு மரக்கடையில் கணக்கு எழுதினாள். மகள் பிறந்ததும் விட்டாள். இப்போது மகள் தானே தலை பின்னிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற வயது. அக்கா திரும்ப வேலைக்குப் போகத் துடித்தாள். எத்தனையோ இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். பன்னிரண்டு வருடம் வீட்டில் இருந்தவள் என்றதும் எவனும் பதில்கூடப் போடவில்லை. ஒரே ஒரு லாரி கம்பெனி மட்டும் கூப்பிட்டது. மத்தியானம் மூன்று மணிக்கு வீடியோவில் நேர்காணல். கம்ப்யூட்டரில் அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு கணக்கைப் போட்டுக் காட்ட வேண்டும், போனில் முடியாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்.

அன்று காலையில்தான் அத்தான் கம்ப்யூட்டரை முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. மெஷின் மெதுவாக இருக்கிறதே, பேச்சின் நடுவே அக்கா திக்கித் திணறக் கூடாதே என்ற அக்கறை. பெட்டியைத் திறந்து, பெயின்ட் பிரஷ்ஷால் தூசி தட்டி, எல்லாவற்றையும் துடைத்து, மாட்டி, விண்டோஸை முழுக்க அழித்துப் புதிதாகப் போட்டார். திரை பளிச்சென்று வந்தது. இன்டர்நெட் மட்டும் வரவில்லை.

அக்கா எனக்குப் போன் செய்தபோது அவள் குரலில் அழுகை இல்லை, அதுதான் பயமாக இருந்தது. நான் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறவன். பாதி நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஓடினேன். போனால், அத்தான் வாசலில் நின்று பெல் அடித்துக்கொண்டிருந்தார். கதவு திறக்கவில்லை.

"ரொம்ப நேரமா அடிக்கிறேன், மச்சான்" என்றார் பரிதாபமாக.

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது. "எத்தனை தடவ அடிச்சாலும் திறக்க மாட்டேன். இது மறந்துட்டுப் புதுசா ஆரம்பிக்கிற விஷயம் இல்ல. எனக்கு இருக்கிறதே இந்த ஒண்ணுதான்."

நான் கூப்பிட்டதும் திறந்தாள். என் முதுகுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு அத்தானும் உள்ளே வந்தார். "வாங்க, யாரு வேணும்?" என்று யாரும் கேட்கவில்லை. அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்த விதத்தைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கோபம் கோபம்தான்.

"அத்தான், இன்னிக்குன்னு பார்த்தா கை வெச்சீங்க?"

"நல்லதுக்குத்தான் பண்ணேன், மச்சான்."

"நீங்க நல்லது பண்ணாம இருந்தாலே போதும்."

நேரம் இருந்தது. எனக்குத் தெரியாத வேலையா இது என்று சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன பாகம் இருக்கிறது என்று காட்டுகிற டிவைஸ் மேனேஜரைத் திறந்தேன். நெட்வொர்க் கார்டைக் காணவில்லை. புதிதாக விண்டோஸ் போட்டால் சில சமயம் இப்படி ஆகும். கார்டுக்கான டிரைவர் என்கிற சின்ன மென்பொருள் இருக்காது. அதை இன்டர்நெட்டிலிருந்து எடுக்க வேண்டும். இன்டர்நெட் வர டிரைவர் வேண்டும். சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய மாதிரிதான். ஆனால் என் பையில் பென்டிரைவ் இருந்தது, அதில் உலகத்து டிரைவர்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றாகப் போட்டேன். ஒவ்வொன்றும், அப்படி ஒரு கார்டே இந்த மெஷினில் இல்லையே என்று கையை விரித்தது.

அத்தான் பக்கத்தில் வந்து நின்று, மெல்லக் கேட்டார். "முதல்லேருந்து இன்னொரு தடவ போட்டுப் பார்க்கலாமா?"

"பேசாம இருங்க, அத்தான்."

போனைக் கேபிளில் இணைத்து அதன் வழியாக நெட்டை இழுக்கலாம் என்று பார்த்தேன். வீட்டில் இருந்த கேபிள் எல்லாம் சார்ஜ் மட்டும் ஏற்றுகிற ரகம். என் லேப்டாப்பைக் கொடுக்கலாம் என்றால், அது அலுவலக லேப்டாப், நேர்காணலுக்கான மென்பொருளை ஏற்ற விடாது. அப்படி விடக் கூடாது என்று பூட்டுப் போட்ட புண்ணியவான் நான்தான். அதைத் திறக்க அலுவலகத்துக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று விதி செய்ததும் நான்தான்.

கடைசியில் மெஷினின் அடிப்படை அமைப்புக்குள் போய்ப் பார்த்தேன். போர்டிலேயே பதிந்திருக்கிற நெட்வொர்க் இணைப்பை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்! எனக்குத் தலைகால் புரியவில்லை. "கண்டுபிடிச்சுட்டேன்!" என்று கத்தினேன். அத்தான் கைதட்டினார். அக்கா இஸ்திரிப் பெட்டியோடு வந்து எட்டிப் பார்த்தாள். அதை இயக்கிவிட்டு மெஷினை மறுபடி ஓட விட்டேன். ஒன்றும் வரவில்லை. பின்னால் குனிந்து பார்த்தேன். கேபிள் ஒழுங்காகத்தான் சொருகியிருந்தது. ஆனால் அந்த ஓட்டையில் ஒரு சின்ன விளக்குகூட எரியவில்லை. பக்கத்தில் ஒரு நீளமான இடைவெளி இருந்தது. அதை அத்தான் பெயின்ட் அடிக்கிறவர்கள் ஒட்டுகிற காகித டேப்பால் மிக நேர்த்தியாக மூடியிருந்தார். தூசி போகக் கூடாதாம். நான் அதைப் பாராட்டிவிட்டு எழுந்தேன். அந்த டேப்பைப் பாராட்டினேன் என்பதை என் அலுவலகத்தில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னேன். "அக்கா, பேசாம விண்டோஸை முதல்லேருந்து ஒரு தடவ..."

"நீயுமாடா?" என்றாள்.

அவள் தன் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு முடித்திருந்தாள். நேர்காணலுக்கென்று எடுத்து வைத்தது. கழுத்துப் பக்கம் ஒரு பொத்தான் இல்லை. எங்கள் இருவரையும் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, அலமாரிக்கு மேலிருந்த பிஸ்கட் டின்னை எடுத்தாள். அத்தானின் மிச்சம் மீதி டின். அதில் பொத்தானும் கிடக்கும். அதைத் தரையில் கவிழ்த்து, சக்கரம், ஸ்பிரிங், வாஷர் எல்லாவற்றையும் விரலால் ஒதுக்கித் தேடினாள். திடீரென்று நின்றாள். உள்ளங்கை அளவு பச்சைத் தகடு ஒன்றை ஓரத்தைப் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். அதன் ஒரு முனையில் நெட் கேபிள் சொருகுகிற சதுர ஓட்டை இருந்தது.

"ஏங்க, இது எதுலேருந்து மிச்சம் வந்தது?"

அத்தான் நிதானமாகச் சொன்னார். "காலையில கம்ப்யூட்டர்லேருந்து. தூசி தட்டி எல்லாத்தையும் மாட்டினேன். இது ஒண்ணு எக்ஸ்ட்ராவா இருந்துச்சு."

நான் அதை அக்கா கையிலிருந்து பிடுங்கினேன்.

"அத்தான், அதுதான் நெட்வொர்க் கார்டு!"

"அப்படியா? ஆமா, போன வருஷம் இடி விழுந்து பழசு கெட்டுப் போச்சுன்னு கடைக்காரர் தனியா ஒண்ணு போட்டார். இதுதானா அது?"

"இத ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ கேக்கலையே, மச்சான்."

இடி விழுந்து செத்துப்போன ஓட்டையில் கேபிளைச் சொருகி வைத்துக்கொண்டு, டின்னுக்குள் இருக்கிற கார்டுக்கு நான் டிரைவர் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. திட்ட நேரமும் இல்லை. டேப்பைப் பிய்த்து எறிந்துவிட்டு கார்டை அதன் இடத்தில் அழுத்தினேன். மெஷினைப் போட்டதும் விண்டோஸ் தானாகவே அதை அடையாளம் கண்டுகொண்டது. ஓட்டையில் பச்சை விளக்கு மினுக்கியது. ஒரு டிரைவரும் தேவைப்படவில்லை. என் பென்டிரைவ் பையில் வெட்கப்பட்டுக் கிடந்தது. நேர்காணலுக்கான மென்பொருளையும் இறக்கி ஏற்றிவிட்டேன்.

அதோடு முடிந்ததா என்றால் முடியவில்லை. அக்கா இருமல் மருந்து ரோஸ் சுவருக்கு முன்னால் உட்கார முடியாது என்றாள். நியாயம்தான். மேசையை வெள்ளைச் சுவர் பக்கம் இழுத்தோம். நெட் கேபிள் அங்கே எட்டியும் எட்டாமலும் கொடிக்கயிறு மாதிரி விறைத்து நின்றது. அது இழுக்கிற இழுப்பில் கார்டு இடத்தைவிட்டுச் சாய்ந்தது, விளக்கு அணைந்தது. கார்டைப் பிடித்து நிறுத்துகிற திருகாணி வேண்டும். தரையில் கொட்டிக் கிடந்த திருகாணிகளில் பொருந்துகிற ஒன்றைத் தேட மணிக்கணக்காகும். மூன்று மணி அடிக்கப் போகிறது.

"நான் பிடிச்சுக்கிறேன்" என்றார் அத்தான்.

அக்கா அவரைப் பார்த்தாள். காலையிலிருந்து அவர் முகத்தை அவள் நேராகப் பார்த்தது அப்போதுதான். "கழட்டி முதல்லேருந்து மாட்டுறேன்னு ஆரம்பிச்சீங்கன்னா..."

"மாட்டேன். அசையவே மாட்டேன்."

மேசைக்கு அடியில் புகுந்து, பெட்டியைக் கட்டிக்கொண்டு, கார்டையும் கேபிளையும் சேர்த்து விரலால் அழுத்திப் பிடித்தார். அக்காவின் காலுக்குப் பக்கத்தில் அவர் தலை. நான் கேமராவில் படாமல் சமையலறை வாசலில் தரையில் உட்கார்ந்தேன். பொத்தானுக்குப் பதில் அக்கா சட்டையில் ஒரு ஊக்கைக் குத்தியிருந்தாள். வெளியே தெரியவில்லை.

திரையில் கண்ணாடி போட்ட ஒரு அம்மாவும், சிரிக்கவே தெரியாத மாதிரி ஒரு வழுக்கைத்தலையரும் வந்தார்கள். முதலில் கணக்கு. லாரிகள் ஓடிய தூரமும் போட்ட டீசலும் ஒத்துவர வேண்டும். ஒத்துவரவில்லை. பத்து வரிக்குமேல் அடித்திருந்தாள். அக்காவின் கழுத்து நரம்பு புடைப்பது எனக்குத் தெரிந்தது.

"வேணும்னா எல்லாத்தையும் அழிச்சுட்டு மறுபடி ஆரம்பிக்கலாம், பரவாயில்ல" என்றார் வழுக்கைத்தலையர்.

மேசைக்கு அடியில் அத்தான் வேகமாகத் தலையாட்டுவதைப் பார்த்தேன், அதுதானே சரி என்று. யாரும் அவரைக் கேட்கவில்லை.

"வேணாம் சார். தப்பு இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு" என்றாள் அக்கா. மடியில் நூல்கண்டை வைத்திருக்கிற அதே முகம். வரி வரியாக விரலை ஓட்டினாள். ஒரு லாரியின் டீசல் அடுத்த லாரியின் வரியில் உட்கார்ந்திருந்தது. தூக்கி அதனிடத்தில் வைத்தாள். கணக்கு ஒத்துவந்தது.

அந்த நிமிடம் பார்த்துப் படம் உறைந்தது. அத்தானின் விரல் மரத்துப்போயிருக்க வேண்டும். கீழேயிருந்து "இல்ல, இல்ல, இல்ல" என்று ஒரு முனகல் கேட்டது. கார்டைப் பிடுங்கி, ஊதி, முதலிலிருந்து சொருக அவர் கை எப்படித் துடித்திருக்கும் என்று எனக்குத் தெரியும். என்னைப் பார்த்தார். கண்ணாலேயே கேட்டார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கூடாது என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு இருந்தபடியே இன்னும் கொஞ்சம் அழுத்தினார். படம் உயிர் பெற்றது. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மனிதர் ஒன்றைக் கழற்றாமல் விட்டார்.

"உங்க பக்கம் யாராவது இருக்காங்களா?" என்றார் கண்ணாடி அம்மா.

அக்காவுக்குப் பொய் வராது. "நெட்வொர்க்க ஒருத்தர் கையால பிடிச்சுக்கிட்டிருக்கார், மேடம்."

வழுக்கைத்தலையர் சிரித்தார். சிரிக்கத் தெரிந்தவர்தான். அம்மாவும் சிரித்தார், ஆனால் உடனே கேள்விக்கு வந்துவிட்டார். நாங்கள் எல்லோரும் பயந்துகொண்டிருந்த கேள்வி. "பன்னிரண்டு வருஷம் இடைவெளி விட்டிருக்கீங்க. இப்ப எல்லாமே மாறிடுச்சு. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும். பயமா இல்லையா?"

அக்கா ஒரு கையை மேசைக்குக் கீழே இறக்கினாள். அது எங்கே போனது என்று கேமராவுக்குத் தெரியாது, எனக்குத் தெரிந்தது. அத்தானின் தலையில் இருந்தது.

"எங்க வீட்டுக்காரர் வாரத்துக்கு ஒரு தடவ எதையாவது முதல்லேருந்து ஆரம்பிப்பார், மேடம். எனக்கு அது கொஞ்சம்கூடப் பிடிக்காது. ஆனா ஒரு நாளும் அவர் பயந்து நான் பார்த்ததில்ல. அவர் அழிச்சுட்டு ஆரம்பிப்பார், நான் அழிக்காம தேடுவேன். ரெண்டும் நடக்கிற வீட்ல இத்தனை வருஷம் இருந்திருக்கேன். எனக்குப் பயமா இல்ல."

மேசைக்கு அடியில் பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தேன். அத்தானின் இரண்டு கையும் கார்டில் இருந்ததால் கண்ணைத் துடைக்க வழியில்லாமல் தோளில் தேய்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் இருவரும் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டார்கள். பிறகு கண்ணாடி அம்மா, "திங்கட்கிழமை வந்து சேர முடியுமா?" என்றார்.

திரை அணைந்தது. அக்கா எழுந்தாள். என்னிடமும் பேசவில்லை, அத்தானிடமும் பேசவில்லை. நேராக வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனாள். கதவு சாத்திக்கொண்டது.

"மச்சான், கையை எடுக்கலாமா? அவ ஒண்ணும் சொல்லலையே" என்றார் அத்தான் கீழேயிருந்து. "கோவமா போறாளா?"

நான் பதில் சொல்வதற்குள் காலிங் பெல் அடித்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். நான் எழுந்திருக்கவில்லை. கார்டை விட்டுவிட்டு மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கால் இரண்டும் மரத்துப்போய் நிற்க முடியவில்லை. சக்கரங்களும் வாஷர்களும் சிதறிக் கிடந்த தரையில் தவழ்ந்து, சுவரைப் பிடித்து எழுந்து, ரோஸ் சுவரோரமாகவே நொண்டிப் போய்க் கதவைத் திறந்தார். தலை முழுக்க ஒட்டடை. கன்னத்தில் பெட்டியின் ஓரம் பதிந்த கோடு.

அக்கா வாசலில் அடக்க ஒடுக்கமாக நின்றாள்.

"வாங்க" என்றார் அத்தான். அவர் அதுவரை கேட்டே பழகாத கேள்வி, கொஞ்சம் தடுமாறினார். "யாரு வேணும்?"

"இங்க நெட்வொர்க்க பிடிச்சுக்கிட்டு ஒருத்தர் இருந்தாராமே" என்றாள் அக்கா. "அவர்தான்."